மருத்துவத் துறையிலிருந்து ஒருவர்

தன்னை யாரோ தேடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் சில ஆண்களுக்குக் கழுத்து கொஞ்சம் நீண்டுவிடும். இன்சார்ஜுக்கு அது நீண்டது ஒரு புதன்கிழமை காலை, வாயில் பிரஷ் இருக்கும்போது.

இன்சார்ஜ் என்பது அவர் பெயர் அல்ல. குழாய், வாஷ்பேசின், கழிப்பறைச் சாமான் விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்குக்கு அவர் பொறுப்பாளர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து போனை எடுத்தால் 'ஹலோ' என்று சொல்வதில்லை. 'இன்சார்ஜ் பேசுறேன்' என்பார். பால்காரர் கூப்பிட்டாலும் அப்படித்தான். அந்தப் பேர் முதலில் கம்பெனியில் ஒட்டிக்கொண்டது, பிறகு தெருவில், கடைசியில் வீட்டிலும். வீட்டில் அவர் எதற்கு இன்சார்ஜ் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டிவி ரிமோட்டுக்குக்கூட இல்லை.

வேலை தேடுகிறவர்களும் ஆள் தேடுகிறவர்களும் கூடுகிற ஒரு இணையதளத்தில், எப்போதோ ஒரு நாள் வீராவேசத்தில் தன்னைப் பற்றி ஒரு பக்கம் போட்டு வைத்திருந்தார் மனுஷன். போட்டதை அவரே மறந்துவிட்டார். உலகமும் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்குக் காலையில் அந்தத் தளத்திலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் பக்கத்தைப் பார்த்தவர்: மருத்துவத் துறையிலிருந்து ஒருவர்.' அவ்வளவுதான். யார், என்ன பேர் என்று தெரிய வேண்டுமானால் சந்தா கட்டச் சொன்னது. சந்தா என்றால் இன்சார்ஜுக்குக் கை வராது. கற்பனைக்குச் சந்தா கிடையாதே, அதில் இறங்கிவிட்டார்.

மருத்துவத் துறை என்றால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் பெரிய ஆஸ்பத்திரி. பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனை மாடி, மாடிக்கு எத்தனை கழிப்பறை, கழிப்பறைக்கு எத்தனை குழாய். அத்தனையையும் கட்டி மேய்க்க ஒரு தலைமைப் பொறுப்பாளர் வேண்டாமா? வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் அவர் கழுத்தில் அடையாள அட்டையும், எதிரே கண்ணாடி மேசையும் வந்துவிட்டன. யார் அந்த ஒருவர் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று கண்ணாடியைப் பார்த்துச் சபதம் செய்துகொண்டார். பற்பசை சட்டையில் சொட்டியதைக் கவனிக்கவில்லை.

இங்கே அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மணிக்கு ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசை வேலை. பல் மருத்துவமனையும் மருத்துவத் துறைதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. இன்சார்ஜுக்குத் தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரை டாக்டர் மருத்துவத் துறை, நாற்காலியும் துளைபோடும் மெஷினும்கூட மருத்துவத் துறை. போன் எடுக்கிறவள் போன் எடுக்கிறவள்தான். இத்தனை வருஷத்தில் அங்கே அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஒரு நாள் அவர் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் பிழைத்திருப்பார். பல் டாக்டரிடம் யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. 'வர்றீங்களா' என்று கேட்டால், அடுத்த மாசம் பார்க்கலாம் என்று போனை வைத்துவிடுவார்கள். அதனால் அம்மணி அப்படிக் கேட்பதே கிடையாது. 'காலைல வர்றீங்களா, சாயங்காலம் வர்றீங்களா?' என்பாள். அந்தப் பக்கம் இருப்பவர் காலையா சாயங்காலமா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கும்போதே, வருவது என்னவோ முடிவாகியிருக்கும். ஊரில் பாதிப் பேரை அந்த நாற்காலியில் சாய்த்தது டாக்டரின் கைராசி இல்லை, அம்மணியின் இந்த ஒரு கேள்விதான்.

கம்பெனியில் இன்சார்ஜ் விஷயத்தை லாரி சூப்பர்வைசரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். லாரி சூப்பர்வைசர் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் கெட்டிக்காரர். ஒரு தடவை பார்த்தால் அது சும்மா, திரும்பவும் பார்த்தால் அண்ணனைத் தூக்கப் போகிறார்கள் என்று அர்த்தம், வந்து பார்க்கிறவர் வாயைப் பிளக்கிற மாதிரி பக்கத்தை ரொப்பி வையுங்கள் என்று யோசனை சொன்னார். இன்சார்ஜ் ரொப்ப ஆரம்பித்தார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பது நமக்கெல்லாம்தான். இன்டர்நெட்டில் சட்டியே வேண்டாம்.

முதலில் இப்படி எழுதினார்: 'ஒழுங்குபடுத்துவது என் உயிர்மூச்சு. எப்பேர்ப்பட்ட குழப்பத்தையும் தனி ஆளாகச் சீர்செய்வேன்.' சொந்த மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற ஆசாமி இவர். மறுநாளே செய்தி வந்தது. அதே மருத்துவத் துறை மறுபடியும் பார்த்திருந்தது. இன்சார்ஜுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பேப்பரை விரித்துக் காலை நீட்டிய நேரத்தில் அம்மணி வந்து நின்றாள்.

"பரணை முதல்ல ஒழுங்கு பண்றீங்களா, கட்டிலுக்கு அடியிலயா?"

கட்டிலுக்கு அடியில் தூசி, குனிந்தால் இடுப்பு பிடிக்கும். எனவே, தான் மிகவும் புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொண்டு, பரண் என்றார். ஓட்டைப் பக்கெட்டையும் பழைய மின்விசிறியையும் கட்டிக்கொண்டு ஏணியில் நிற்கும்போதுதான், ஒழுங்கு பண்ணுவதாக நாம் எப்போது ஒப்புக்கொண்டோம் என்று யோசித்தார். அதற்குள் அம்மணி ஒட்டடைக்கம்பை நீட்டிவிட்டாள். சாயங்காலம் வரை மனுஷன் தும்மினார்.

அடுத்த வாரம் பக்கத்தில் இன்னொரு வரி ஏறியது. 'கதிரவன் எழும் முன் எழுபவன்.' கதிரவன் இவரைப் படுக்கையில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தான் என்பது வேறு விஷயம். மருத்துவத் துறை பார்த்தது. திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் முகத்துக்கு நேரே விளக்கு எரிந்தது. நடக்கப் போகிறீர்களா, தண்ணீர் பிடித்து வைக்கப் போகிறீர்களா என்று அம்மணி விசாரித்தாள். இன்சார்ஜ் பாதித் தூக்கத்தில் நடை என்றார். தெருவில் போர்வையோடு நடந்த அவரைப் பார்த்து இரண்டு நாய்கள் குரைத்தன, மூன்றாவது குரைக்கவும் லாயக்கில்லை என்று திரும்பப் படுத்துக்கொண்டது.

அப்புறம், 'பிறர் பேசுவதைக் குறுக்கிடாமல் முழுமையாகக் கேட்பவன்' என்று எழுதினார். அன்று சாயங்காலம் அம்மணி டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கிளினிக்கில் நடந்தது, சித்தி மகள் வீட்டில் நடந்தது, நடக்காமல் போனது, நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் இவர் வாயைத் திறந்தார். "இன்னும் முடியல," என்றாள். மூடிக்கொண்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது பாம்பு வருவது தெரியும். இந்த மனுஷனுக்கு அது தெரியவில்லை. என்னவோ நேரம் சரியில்லை, வீட்டில் வேலை கூடிவிட்டது, நல்லவேளையாக வெளியே மதிப்பு ஏறுகிறது என்று ஒன்றை வைத்து மற்றொன்றுக்கு மனசைத் தேற்றிக்கொண்டார். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய சரக்கு என்று மண்டையில் உறைக்கவே இல்லை.

இந்த லட்சணத்தில்தான் முதலாளி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊரின் மறுகோடியில் புதிதாக ஒரு கிளைக் கிடங்கு திறக்கிறார்கள். அதற்கு இவரைத் தனிப் பொறுப்பாகப் போடலாம் என்று முதலாளிக்கு எண்ணம். சம்பளமும் கொஞ்சம் ஏறும். யோசித்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். வேறு யாராவது என்றால் அங்கேயே கும்பிட்டிருப்பார்கள். இன்சார்ஜ் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

சுளித்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஆஸ்பத்திரிக் கனவு. இரண்டு, அந்தக் கிளைக் கிடங்குக்கு நேர் எதிர்வீடு மாமனார் வீடு. மாமனார் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. வேலைதான் ஓய்ந்தது, தணிக்கை ஓயவில்லை. ஒரு தடவை அங்கே போனபோது மழையில் மாட்டிக்கொண்டதால் தாமதம் என்று இன்சார்ஜ் சொல்லிவைத்தார். அதற்கு அடுத்த தடவை, 'மாப்பிள்ளை, அன்னைக்கு மழை பேஞ்சதா நீங்க சொன்னீங்க, பேப்பர்ல அப்படிப் போடலையே' என்று கிழவர் நிதானமாகக் கேட்டார். அன்றிலிருந்து இன்சார்ஜ் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும், அம்மணி தட்டு கழுவிக்கொண்டிருக்கும்போது விஷயத்தை அலட்சியமாக எடுத்துவிட்டார். கிளைப் பொறுப்பு வந்திருக்கிறது, இன்ன இடம், தான் வேண்டாம் என்று சொல்லப் போவதாகச் சொன்னார். இடத்தின் பெயரைக் கேட்டதும் அம்மணியின் கை அப்படியே நின்றது.

"ஏன் வேண்டாம்?"

"என்னை ஒரு பெரிய இடத்துல பார்த்துக்கிட்டிருக்காங்க."

"எந்த இடம்?"

"மருத்துவத் துறை."

அம்மணி சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. மனைவி பெருமையில் கண்கலங்குகிறாள் என்று இன்சார்ஜ் கணக்குப் போட்டார்.

"பெரிய இடம்னு எப்படித் தெரியும்?" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

"விடாம பாக்குறாங்களே. சின்ன இடத்துல இருக்கிறவங்களுக்கு அவ்வளவு நேரம் எங்க இருக்கு?"

"அதுவும் சரிதான்."

தட்டுகளை அடுக்கி முடித்து அவள் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை. அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். மத்தியானம் சமைத்ததை மூடி வைத்துவிட்டு, எதிரில் ஆள் இல்லாமல் சாப்பிட மனசு வரவில்லை என்று சாயங்காலம் வரைக்கும் காபியிலேயே ஓட்டுகிறார். எதிரிலேயே உங்களுக்கு வேலை என்றால், மத்தியானம் ஒரு வேளையாவது அவர் ஒழுங்காகச் சாப்பிடுவார். இதை அவள் கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"உங்கப்பா சோத்தை எங்க சாப்பிடுவார்? என்னைத்தான் சாப்பிடுவார்," என்றார் இன்சார்ஜ், தன் நகைச்சுவையைத் தானே மெச்சிக்கொண்டு.

அம்மணி கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டில் அவள் கத்தினால் பயப்பட வேண்டியதில்லை, பேசாமல் போனால்தான் பயப்பட வேண்டும். இது தெருவுக்கே தெரியும். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளாவது அரசனை ஒரு தடவை கண்ணால் பார்த்திருப்பாள். இவர் பார்க்காத ஆஸ்பத்திரியை நம்பிக் கையில் இருப்பதைத் தூக்கிப் போடக் கிளம்பிவிட்டார். முதலாளியிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது, எந்த இடத்தில் லேசாகச் சிரிப்பது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், முதலாளி அறைக்குப் போகச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்ட நேரத்தில் போன் அதிர்ந்தது. இந்தத் தடவை பார்த்தது மட்டுமில்லை, மருத்துவத் துறை, பேரைக் காட்டாமலே, வாயைத் திறந்து பேசியிருந்தது.

'வணக்கம். ஒரு கிளையைத் தனியாக நிர்வகித்த அனுபவம் தங்களுக்கு ஏற்கெனவே உண்டா, அல்லது இனிமேல்தான் பெறப் போகிறீர்களா?'

இன்சார்ஜுக்கு ஏற்கெனவே உண்டு என்று அடித்துவிட ஆசைதான். எந்தக் கிளை என்று கேட்டால்? யோசித்தார், எழுதி அழித்தார், கடைசியில் மிகுந்த சாமர்த்தியத்தோடு, 'வரும் திங்கட்கிழமை பெறப் போகிறேன்' என்று பதில் போட்டார். போட்ட கையோடு முதலாளி அறைக்குள் பாய்ந்தார்.

முதலாளி, இவர் மறுப்பார் என்று நினைத்து வேறு ஆளைத் தயாராக வைத்திருந்தார். இன்சார்ஜ் அந்த ஆளைப் பற்றி நாலு குறை சொல்லி, தனக்குத்தான் வேண்டும் என்று மேசை நுனியைப் பிடித்துக்கொண்டார். நடுவில் விட்டுவிட்டு ஓடக் கூடாது, குறைந்தது மூன்று வருஷம் அங்கே இருப்பதாக எழுதிக் கொடுங்கள் என்றார் முதலாளி. ஆஸ்பத்திரி வந்து கூப்பிட்டால் எழுத்தாவது கிழுத்தாவது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தாளை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார் நம் ஆள். மூன்று இடத்தில்.

வீட்டில் சொன்னதும் அம்மணியின் முகம் மலர்ந்தது. அப்பாவுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமையிலிருந்து மத்தியானம் இரண்டு பேருக்குச் சமைக்கச் சொன்னாள். கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கொள்வோம் என்று இன்சார்ஜ் பெருந்தன்மையாக இருந்தார்.

ஆனால் அதற்குப் பிறகு மருத்துவத் துறை மூச்சு விடவில்லை. சனிக்கிழமை முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிக்கப் போகும்போதும் போனைக் கொண்டுபோனார். ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தத் தளத்துக்கே இவர் தவிப்பு பொறுக்கவில்லை போலிருக்கிறது, பார்த்தவர்களின் பேரை ஒரு நாள் மட்டும் இலவசமாகக் காட்டுகிறோம் என்றது. இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் இன்சார்ஜின் விரல் தானாக அழுத்திவிட்டது.

திரையில் பெயருக்கு முன்னால் ஒரு படம் வந்தது. இளித்துக்கொண்டிருக்கிற ஒரு பல். அதற்குக் கண், கை எல்லாம் இருந்தன. இந்தப் பல்லை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தலையைச் சொறிந்தார். எதிர்ச் சுவர்க் காலண்டரில் அது இளித்தது. சட்டைப்பையில் இருந்த பேனாவில் இளித்தது. கதவில் மாட்டியிருந்த அம்மணியின் கிளினிக் பையில் இளித்தது. டீ குடித்து வைத்த கோப்பையைத் திருப்பினார், அதிலும். வீடு முழுக்க அந்தப் பல் அவரைப் பார்த்து எத்தனை வருஷமாக இளித்துக்கொண்டிருந்ததோ தெரியாது, இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"நீதானா?"

அம்மணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை. டாக்டர் உதவிக்கு ஓர் ஆள் தேடச் சொல்லி, அந்தத் தளத்தில் கிளினிக் பேரில் இருந்த கணக்கை இவளிடம் கொடுத்திருந்தார். தேடும்போது இவர் மூஞ்சி வந்து நின்றிருக்கிறது.

"யாரோ ரொம்பச் சுறுசுறுப்பான ஆளுன்னு நெனச்சேன். மூஞ்சி மட்டும் தெரிஞ்ச மூஞ்சியா இருந்துச்சு."

"சரி, ஒரு தடவை பார்த்தே. அப்புறமும் எதுக்கு?"

"வீட்ல இருக்கிறவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேங்கிறார். அதுல இருக்கிறவர் எல்லா வேலையும் செய்றார். அவரை இங்க கூட்டிட்டு வர முடியுமான்னு பார்த்தேன்."

இன்சார்ஜுக்குப் பரண் நினைவுக்கு வந்தது, போர்வையும் நாய்களும் வந்தன. காது மடல் சிவந்தது.

"அந்தக் கேள்வி? ஆசை காட்டி மோசம் பண்ணிட்டியே."

"கேள்விதானே கேட்டேன். வேலை தர்றேன்னு எங்கயாவது சொன்னேனா, எடுத்துப் படிங்க."

எடுத்துப் படித்தார். சொல்லவில்லை. உண்டா, பெறப் போகிறீர்களா என்றுதான் இருந்தது, வேண்டாம் என்று சொல்ல அதில் இடமே விட்டுவைக்கவில்லை. நாளைக்கே முதலாளியிடம் போய் முடியாது என்று சொல்லிவிடுவேன் என்று கத்த வாயெடுத்தார். கையெழுத்துப் போட்ட மூன்று இடமும் கண்முன்னால் வந்தன. அம்மணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். ஏமாற்றியது தப்புதான், ஆனால் நான் கேட்டபோது நீங்கள் ஜோக் அடித்தீர்கள் என்று சொன்னாள். இன்சார்ஜ் கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் போனையே முறைத்தார்.

முறைத்துக்கொண்டிருந்தவர் கண் சட்டென்று விரிந்தது. பல்லுக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'பெயரை வெளியிட விரும்பாத ஒருவர்.' அந்த ஒருவர் ஒரு வாரமாக, தினமும், மத்தியான வேளையில், ஒவ்வொரு வரியிலும் நெடுநேரம் நின்று நிதானமாகப் படித்திருந்தார். இன்சார்ஜின் கழுத்து பழையபடி நீண்டது.

"இதைப் பாரு. உன்னை விடு, இது யாரு? பேரைக்கூட வெளிய காட்டிக்காம தினமும் வந்து படிச்சிருக்கார். பெரிய மனுஷங்க இப்படித்தான். உன் பல்லு இல்லன்னா எனக்கு ஆளே இல்லன்னு நெனச்சியா?"

அம்மணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அது எங்கப்பா. எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்காராம், நாளைக்குச் சாப்பிடப் போகும்போது ஒரு சிவப்புப் பேனா வாங்கிட்டுப் போங்க."